பிள்ளையோடு விரியும் குழாய்

கையில் நாடி பார்ப்பது நம்மவர்க்குப் பழக்கமான காரியம். காலில் நாடி பார்ப்பதை நம்மில் பலர் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. தொடையும் அடிவயிறும் கூடுகின்ற மடிப்பில் இரண்டு விரல்களை வைத்து மெல்ல அழுத்தினால், அங்கே ஓர் இரத்தக் குழாய் துள்ளுவதை எவரும் உணரலாம். மணிக்கட்டின் துடிப்பும் தொடையின் துடிப்பும் ஏறத்தாழ ஒரே கணத்தில் எழ வேண்டும். கையில் நாடி முரசு போல் அடிக்க, தொடையில் மட்டும் அது தயங்கித் தயங்கி வருமாயின், அல்லது வராமலே போகுமாயின், இருதயத்திற்கும் காலுக்கும் இடையே எங்கோ பாதை குறுகியிருக்கிறதென்று பொருள். ஒரு காசும் செலவில்லாத இந்தச் சோதனையைப் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டுமென்று மருத்துவ நூல்கள் வற்புறுத்துகின்றன.

என் பேத்திக்கு அது அவளுடைய பத்தாம் வயதில்தான் செய்யப்பட்டது. 2018ஆம் ஆண்டு பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவில் இளம் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடையும் உயரமும் குறித்துக்கொண்டிருந்தவர், இவள் முறை வந்தபோது கையைப் பிடித்தவர் விடவில்லையாம். பிறகு படுக்கச் சொல்லித் தொடையில் விரல் வைத்துப் பார்த்து, வீட்டாரை அழைத்துவரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்னரே அவளுக்கு அடிக்கடி தலைவலி உண்டு. நகரத்து மருத்துவர் ஒருவர் கண்ணாடி போடச் சொன்னார், கண்ணாடியும் போட்டாயிற்று. ஓடினால் கால் கனக்கிறது என்பாள். ஓடாமல் ஓரமாய் உட்கார்ந்துகொள்ளும் பிள்ளையை நம் ஊரில் ‘சாது’ என்று மெச்சுவார்களேயன்றி, காரணம் கேட்பார் யாருளர்?

கோரிமேட்டு ஜிப்மரில் வலது கையிலும் காலிலும் இரத்த அழுத்தம் எடுத்தார்கள். கையில் 148, காலில் 96. ஆரோக்கியமான உடலில் காலின் அழுத்தம் கையினுடையதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். எக்கோ எடுத்தபின் நோயின் பெயரைச் சொன்னார்கள்: கோஆர்க்டேஷன், அதாவது பெருந்தமனிச் சுருக்கம். இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கழுத்துக்கும் கைகளுக்கும் கிளைகளைப் பிரித்துவிட்டு, வில்லைப் போல் வளைந்து கீழிறங்குகிறது. அந்த வளைவு முடிகிற இடத்தில், கயிற்றால் கட்டி இறுக்கியதைப் போன்ற ஒரு குறுக்கம். பிறவியிலேயே அமைந்தது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு ஒன்பது பேருக்கு ஏதேனும் ஓர் இருதயக் குறை இருக்கும் என்றும், அவற்றுள் இது அரிதான ஒன்றல்ல என்றும் விளக்கினார் டாக்டர்.

நான் முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் போதித்தவன். குழாயின் விட்டம் பாதியானால் அதில் ஓடும் நீரும் பாதியாகும் என்றே மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதுவார்கள். அவ்வாறன்று, சீராக ஓடுகின்ற மெல்லிய குழாயில் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும். இக்கணக்கைக் கண்டவர்களுள் ஒருவர், இரத்த ஓட்டத்தின் இரகசியத்தைத் தேடிய பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் என்பவர். கரும்பலகையில் நான் எத்தனையோ முறை எழுதிய அந்தச் சூத்திரம், என் பேத்தியின் நெஞ்சுக்குள் பத்தாண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. மேற்பாதி உடலில் அழுத்தம் மிகுந்து மூளையையும் இருதயத்தையும் வாட்ட, கீழ்ப்பாதி உடல் இரத்தத்திற்கு ஏங்கிக் கிடந்தது. விலா எலும்புகளை ஒட்டிய சிறு குழாய்கள் தாமாகவே பருத்துச் சுற்றுவழியாக இரத்தத்தைக் கொண்டு சேர்த்துவந்தன. உடல் தனக்குத் தானே வெட்டிக்கொண்ட அந்த வாய்க்கால்களால்தான் அவள் அதுவரை நடமாடினாள். அப்படியே விட்டிருந்தால், நடுவயதுக்கு முன்பே இருதயம் தளரவோ, மூளையில் இரத்தம் கசியவோ, தமனியே கிழியவோ நேரிடும். இதை டாக்டர் தணிந்த குரலில்தான் சொன்னார்; ஆனால் ஒளிக்காமல் சொன்னார்.

அடைபட்ட குழாயைத் திறப்பதில் என்ன சிரமம், பெரியவர்களுக்கு நாள்தோறும் ஸ்டென்ட் வைக்கிறார்களே என்று வாசகர்கள் எண்ணக்கூடும். என் மகனும் அதைத்தான் கேட்டான். பெரியவரின் குழாய் இனி வளரப்போவதில்லை. இன்று பொருந்துவது என்றும் பொருந்தும். பிள்ளையின் கதை வேறு. பச்சிளங்குழந்தையின் பெருந்தமனி அவ்விடத்தில் ஏறக்குறைய 6 அல்லது 7 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அதுவே வளர்ந்த ஆளில் 20 மில்லிமீட்டரை நெருங்கும். சிறுவயதில் வைத்த உலோகக் குழாய் அதே அளவில் நின்றுவிட்டால், சுற்றிலும் உடல் வளர வளர, நோய் தீர்க்க வைத்த குழாயே புதிய சுருக்கமாக மாறிவிடும். ஐந்து வயதில் பூட்டிய கால்காப்பைப் பதினைந்து வயதிலும் கழற்றாமல் வைத்திருந்தால் என்னாகும்?

இந்த வளர்ச்சி என்னும் சிக்கலோடு மருத்துவர்கள் போராடிய வரலாறு நெடியது. 1944 அக்டோபரில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் என்னும் அறுவை நிபுணர், சுருங்கிய துண்டை வெட்டியெடுத்து இரு நுனிகளையும் சேர்த்துத் தைத்து முதல் வெற்றி கண்டார். பின்னர் செயற்கை நூலிழைத் துணியால் ஒட்டுப் போடும் முறை வந்தது. ஒட்டுத் துணி வளரவில்லை. அதற்கு எதிர்ப்புறச் சுவர் மட்டும் புடைத்துப் பலூன் போல் ஊதிற்று. 1966இல் அமெரிக்காவில் வால்ட்ஹவுசன் என்பவர், இடது கைக்குச் செல்லும் குழாயையே திருப்பி ஒட்டாகப் பயன்படுத்தினார். தன் சதையாதலால் அது வளரும் என்பதே அவர் எண்ணம். ஆனால் அக்கையின் நாடியை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

மார்பைத் திறக்காமல் குழாய் வழியாகவே சென்று குழாயைத் திருத்தும் கலைக்கு வயது அறுபதுக்கும் மேல். 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் ஒரு மூதாட்டியின் கால் தமனியை அவ்வாறு திறந்தார். பிரெஞ்சுக்காரர் 1823இல் நம் ஊரில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, ஜிப்மர் என்று பெயர் பூண்டதும் அதே 1964இல்தான். 1977இல் சூரிக் நகரில் குருன்ட்சிக் பலூன் கொண்டு இருதயக் குழாயை விரித்தார். விரித்த குழாய் மீண்டும் சுருங்காதிருக்க, 1986இல் பிரான்சின் தூலூஸ் நகரில் ஜாக் புவெல் உள்ளே கம்பிவலைக் குழாயை வைத்தார். அதற்கு ஸ்டென்ட் என்னும் பெயர் வந்த கதை வேடிக்கையானது. 19ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த சார்லஸ் ஸ்டென்ட் ஒரு பல் வைத்தியர். பல்லுக்கு அச்செடுக்கும் பசை ஒன்றைக் கண்டுபிடித்தவர். இருதயத்தைப் பற்றி அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்!

பிள்ளைகளுக்கான விடை கடைசியில் வெகு எளிய ஓர் எண்ணத்திலிருந்து பிறந்தது. நம் வீடுகளில் பெண் குழந்தைக்குப் பாவாடை தைக்கும்போது, கீழே இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்போமல்லவா? பிள்ளை உயர உயர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிடுவோம். துணி அதுவே, நீளம் மட்டும் கூடும். அதைப்போலவே, நெளிநெளியாய் மடித்த கம்பியால் ஒரு குழாய். இன்று 12 மில்லிமீட்டருக்கு மட்டும் விரிக்கலாம். நெளிவுகளில் மிச்சம் இருக்கும். சில ஆண்டுகள் சென்றபின் பெரிய பலூனை உள்ளே செலுத்தி ஊதினால், அந்த நெளிவுகள் மேலும் நிமிர்ந்து குழாய் அகலும். அகலும்போது நீளம் சற்றே குறையும். அதற்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டு நீளத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள்.

என் பேத்தியின் சுருக்கம் மிகக் கடுமையானதாதலால், விரிக்கும்போது தமனியின் சுவர் கிழியும் ஆபத்து இருந்தது. ஆகவே வெறும் கம்பிவலை போதாது, மேலே மெல்லிய உறை போர்த்திய ஸ்டென்ட் வேண்டும் என்றார்கள். சுவரில் கீறல் விழுந்தாலும் இரத்தம் வெளியே கசியாமல் அவ்வுறை தாங்கிக்கொள்ளும். அந்த உறையும் கம்பியோடு சேர்ந்து விரிந்துகொடுக்க வேண்டுமே! அவ்வாறு நீட்சி தருகிற ஒரு வகைப் பிளாஸ்டிக்கால் அதைச் செய்கிறார்கள். சீத்தம் என்னும் அமெரிக்க இருதய மருத்துவரின் பெயரைத் தாங்கிய ஸ்டென்ட் அது. கம்பி பிளாட்டினமும் சிறிதளவு இரிடியமும் கலந்தது. கம்பிகள் சேரும் முனைகளைப் பொன்னால் பற்றவைக்கிறார்கள். இதைக் கேட்டதும் என் மனைவி, “காதுக்குப் போடாத தங்கத்தையெல்லாம் நெஞ்சுக்குள் போட்டுக்கொள்ளப் போகிறாளா?” என்றாள். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் எழுந்த ஒரே சிரிப்பு அது.

ஏனெனில் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. அறுவையா, ஸ்டென்டா? ஜிப்மர் மருத்துவர்கள் இரண்டையும் மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். அறுவை செய்தால் இடப்பக்க விலாவைத் திறக்க வேண்டும், முதுகிலிருந்து மார்பு வரை தழும்பு நிற்கும், வலி அதிகம். ஆனால் உள்ளே அந்நியப் பொருள் எதுவும் இராது. சேர்த்துத் தைத்த குழாய் தானே வளரும். ஸ்டென்ட் வைத்தால் தொடையில் ஒரு சிறு துளை, மூன்றாம் நாள் வீடு. ஆனால் வளர்ச்சிக்கேற்ப மீண்டும் வந்து விரித்துக்கொள்ள வேண்டும். ஆயுள் முழுவதும் கண்காணிப்பு வேண்டும். இருபத்தொன்பது கிலோ எடையுள்ள பத்து வயதுப் பெண்ணுக்கு இரண்டுமே தகும்.

மருமகளுக்குத் தழும்பு அச்சம். “மாமா, நாளைக்கு ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டிய பெண். முதுகில் இவ்வளவு நீளத் தையலைப் பார்த்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா?” என்று கண் கலங்கினாள். மகனோ, “ஒரே தடவையோடு முடிகிற காரியத்தை விட்டு, திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அலைவானேன்?” என்றான். பாரீசில் வாழும் என் அக்காள் நாள் தவறாமல் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, பிள்ளையை இங்கே அனுப்பு. நெக்கேர் ஆஸ்பத்திரியில் பார்க்கலாம்” என்பதே அவருடைய பல்லவி. நெக்கேர் சாமானிய இடமன்று. 1816இல் லேனெக் அங்கேதான் காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் பிறந்தது. அதே நெக்கேரில்தான் 2000ஆம் ஆண்டில் பிலிப் போன்ஹோஃபர், மாட்டின் கழுத்து நாளத்து வால்வை ஸ்டென்டுக்குள் தைத்து, மார்பைத் திறக்காமலே 12 வயதுச் சிறுவனுக்குப் பொருத்தினார். புதுச்சேரிக்காரனுக்குப் பிரான்சின் மீது பற்று இருப்பது இயல்பே. ஆயினும் எனக்கு ஒன்று தோன்றிற்று. இது ஒரு நாளில் முடியும் வைத்தியமாயிருந்தால் பாரீசுக்குப் பறக்கலாம். பிள்ளை வளரும் வரை, அதன் பின்னும், ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய வைத்தியத்திற்கு, பேருந்தில் அரை மணியில் எட்டுகிற இடமே நல்லது. அக்காளுக்கு அது வருத்தந்தான். சில மாதங்கள் குரலில் அந்த வருத்தம் ஒலித்தது.

முடிவை யார் எடுத்தது என்று கேட்டால், அவளே என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை டாக்டரைச் சந்தித்தபோது, நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கேட்டாள்: “இந்தக் குழாய் வைத்தால் இன்னும் எத்தனை தடவை வர வேண்டும், டாக்டர்?”

“ஒரு தடவை நிச்சயம். இரண்டாகவும் ஆகலாம்.”

“அப்போதும் தூங்க வைத்துத்தானே செய்வீர்கள்?”

“ஆமாம், கண்ணு.”

“அப்படியானால் சரி” என்றாள். தழும்பைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை. மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் மகன் அதன்பின் வாதாடவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஸ்டென்ட் வந்துசேர மூன்று வாரம் பிடித்தது. 2019 பிப்ரவரியில் செய்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, தொடைத் தமனியில் துளையிட்டு, மெல்லிய கம்பியைச் சுருக்கத்தின் வழியே மேலே செலுத்தி, அதன் மீது ஸ்டென்ட் சுற்றிய பலூனை ஏற்றினார்களாம். அந்தப் பலூனே இரட்டைப் பலூன். சிறியதற்கு வெளியே அதைப் போல் இருமடங்கு அகலமான இன்னொன்று. முதலில் உள்ளிருப்பதை ஊதி ஸ்டென்டைச் சரியான இடத்தில் நிலைநிறுத்திக்கொண்டு, பிறகு வெளிப்பலூனை ஊதுவார்கள். எடுத்த எடுப்பில் முழுதாக ஊதினால் இரத்தத்தின் வேகத்தில் ஸ்டென்ட் நழுவிப் போகக்கூடும். சுருக்கத்திற்கு மேலும் கீழும் அழுத்த வித்தியாசம் முன்பு 42, பின்பு 4. வெளியே நடைக்கூடத்தில் நாங்கள் காத்திருந்தது இரண்டே கால் மணி நேரம். அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அவள் சொன்ன முதல் வார்த்தை, “தாத்தா, கால் சூடாக இருக்கிறது” என்பதுதான். காய்ச்சலோவென்று தொட்டுப் பார்த்தேன். இல்லை, பத்தாண்டுகளில் முதன்முறையாக அவள் பாதங்களுக்கு முழு இரத்தமும் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆறு மாதம் ஆஸ்பிரின் கொடுத்தோம். இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் உடனே நிறுத்தவில்லை. சுருக்கம் நீங்கினாலும் நெடுநாள் உயர்ந்த அழுத்தத்திற்குப் பழகிய குழாய்கள் எளிதில் இளகுவதில்லை. எவ்வளவு தாமதமாகச் சரிசெய்கிறோமோ அவ்வளவுக்கு அழுத்தம் நிலைத்துவிடுகிறது. பிறந்தவுடனே தொடை நாடியைப் பார்த்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே. கனமான பொருளைத் தூக்கி மூச்சடக்கும் விளையாட்டு கூடாதென்றார்கள், ஓடலாம், நீந்தலாம். ஓடினாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ‘சாது’ப் பெண் இவள்தானா என்று தெருவார் வியந்தார்கள். கண்ணாடியையும் கழற்றியாயிற்று.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் கோரிமேட்டு எல்லையில் தடுப்பு போட்டிருந்தார்கள். வீட்டிலேயே ஒரு கருவி வாங்கி, ஞாயிறுதோறும் வலது கையில் அழுத்தம் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தேன். வலது கை என்பது முக்கியம். சில பிள்ளைகளுக்கு இடக்கைக்குப் பிரியும் குழாய் சுருக்கத்தை ஒட்டியே இருப்பதால், அங்கே எடுக்கும் அளவு ஏமாற்றிவிடும். 2023இல் அந்த எண்கள் மெல்ல ஏறத் தொடங்கின. அவளோ ஒரே ஆண்டில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ஸ்டென்ட் 12 மில்லிமீட்டரிலேயே நிற்க, அதற்கு மேலும் கீழும் தமனி அகன்றுவிட்டிருந்தது. டக்கைப் பிரிக்கும் காலம் வந்துவிட்டது. 2024 மே விடுமுறையில், பழைய வழியாகவே சென்று, அதே ஸ்டென்டை 16க்கு விரித்தார்கள். இம்முறை மருமகள் அழவில்லை. துணிப்பையில் சாப்பாடும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு, விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் போகிறவளைப் போல் வந்தாள்.

பத்து வயதுப் பிள்ளைக்கு வழி கிடைத்துவிட்டது. கைக்குழந்தைகளின் நிலைதான் கடினம். இவ்வளவு பெரிய ஸ்டென்டைச் செலுத்தும் அளவுக்கு அவர்களுடைய தொடைக் குழாய் பெரிதாக இராது. ஆகவே பச்சிளங்குழந்தைக்கு இன்றும் அறுவையே முதல் வழி. அறுவைக்குத் தாங்காத குழந்தைக்குச் சிறிய ஸ்டென்டை வைத்து உயிரைக் காத்துவிட்டு, வளர்ந்தபின் அதை அறுத்தெடுக்கவோ, வலுவான பலூனால் வேண்டுமென்றே உடைத்துத் திறக்கவோ செய்கிறார்கள். உள்ளேயே கரைந்துபோகும் ஸ்டென்டையும் முயன்றிருக்கிறார்கள். 2005இல் ஜெர்மனியில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு மெக்னீசியத்தாலான அத்தகைய ஸ்டென்டை நுரையீரல் குழாயில் வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ‘மினிமா’ என்னும் ஸ்டென்டுக்கு அனுமதி வழங்கியது. பிறந்த குழந்தையின் மெல்லிய குழாய் வழியாகவே செலுத்தி, வளர்ந்த ஆளின் அளவு வரை படிப்படியாக விரித்துக்கொள்ளத்தக்கது அது. குழந்தைகளுக்கென்றே கருதிச் செய்யப்பட்டது. இதுநாள் வரை பெரியவர்களுக்குச் செய்த பொருளைத்தான் பிள்ளைகளுக்கு ஒட்டியும் வெட்டியும் பயன்படுத்தினார்கள். நோயுற்ற பிள்ளைகள் தொகை சிறிதாகையால் வாணிகர்க்கு அதில் இலாபம் குறைவு. அதனால்தான் இத்தனை தாமதம். இந்தியாவிலும் பெருந்தமனிக்கேற்ற ஸ்டென்டுகளைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அவை மலிந்தால் மூன்று வாரக் காத்திருப்பு ஒழியும்.

பேத்தி இப்போது பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறாள். சென்ற முறை சென்றபோது டாக்டர் அவளைத் தனியே அழைத்துப் பேசினார். பிற்காலத்தில் தாய்மை அடையலாம். ஆனால் அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, தமனி எங்கும் புடைக்கவில்லை, அழுத்தம் கட்டில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கருவுற்ற காலத்தில் இருதய மருத்துவரும் உடனிருந்து பார்க்க வேண்டும். மணம் பேசும்போது இதை மறைக்கவும் கூடாது என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து தாயிடம் அவளே அதைச் சொன்னாள். மருமகள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்பு எழுந்து போய், ஞானஸ்நானச் சான்றிதழும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் அலமாரித் தட்டில் மருத்துவக் கோப்பையும் எடுத்துவைத்தாள். அதன் மேலட்டையில் பேத்தி தன் கையெழுத்தில் எழுதியிருப்பது இது: 2019 – 12, 2024 – 16, முழு அளவு – 24.